தள்ளிப் போடும் மாத்திரை

ஜனவரி 19, திங்கள்

எங்கள் பூனை பிசிறு நேற்றிலிருந்து கத்துகிறது. பசிக்குக் கத்துவது போல இல்லை. அடிவயிற்றிலிருந்து நீட்டி நீட்டி, யாரையோ கூப்பிடுவது போல இருக்கிறது. பால் வைத்தேன், குடிக்கவில்லை. தரையில் புரள்கிறது. முதுகைத் தடவினால் முன்பக்கம் தாழ்ந்து, பின்பக்கத்தைத் தூக்கி, வாலை ஒரு பக்கமாக ஒதுக்கி, பின்னங்கால்களால் மிதிக்கிறது. வயிற்றுவலி என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுத்தேன். என் கை பூராவும் கீறல்.

பனியன்களில் தொங்கும் நூல் முனைகளை வெட்டுவதுதான் எனக்கும் அம்மாவுக்கும் வேலை. வெட்டி விழும் நூலுக்குப் பிசிறு என்று பெயர். போன ஆடியில் கம்பெனியிலிருந்து வந்த ஒரு கட்டுக்குள் இது சுருண்டு கிடந்தது. கண்கூடத் திறக்கவில்லை. அப்பா சாயம் போடுகிற டையிங்கிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "பிசிறோட பிசிறா இருந்துட்டுப் போவுது" என்றார். அதுவே பெயராகிவிட்டது.

லைன் வீடு. ஆறு வீட்டுக்கும் ஒரே சுவர், ஒரே குழாய். எங்கள் வீட்டுச் சத்தம் ஆறாவது வீட்டுக்குக் கேட்கும்.

ஜனவரி 20, செவ்வாய்

பக்கத்து வீட்டுக் கலாமணி அக்காதான் சொன்னாள். குழாயடியில் எல்லாரும் இருக்கும்போது சொன்னாள்.

"இந்து, உன்ற பூனைக்கு வயித்துவலியும் இல்ல ஒண்ணும் இல்ல. பெரிய மனுசி ஆயிட்டா. சீர் வெக்கலியா?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் குடத்தைப் பாதியிலேயே எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜனவரி 21, புதன்

மாட்டாஸ்பத்திரியில் பூனைக்கு ஆபரேஷன் செய்வார்கள் என்று அப்பாவுடன் வேலை செய்கிறவர் சொல்லியிருக்கிறார். செய்தால் கத்தாதாம், குட்டியும் போடாதாம். அப்பா சொன்னபோது அம்மா தலையைத் தூக்கவே இல்லை. நானே போகிறேன் என்றேன்.

காய்க்கூடையில் பிசிறை வைத்து மேலே துண்டு கட்டினேன். போகிற வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். 'சார், எங்க பூனை கத்துதுங்க. கத்தாம இருக்கறதுக்கு ஆபரேஷன் பண்ணணுங்க.' இரண்டே வரிதான்.

அங்கே மாடும் ஆடுமாக நிறையக் கூட்டம். என் முறை வந்ததும் கம்பவுண்டர் நிமிராமல், "என்ன அம்முணி?" என்றார்.

"பூனை கத்துதுங்க."

"கத்துனா நல்லதுதான? பருவத்துக்கு வந்துருச்சு. மாடுன்னா சினை ஊசி போடலாம். பூனைக்கு ஊசிக்கு நா எங்க போறது? கடுவங்கிட்ட உட்டா வேலை முடிஞ்சுது."

எனக்குப் பின்னால் ஆடு பிடித்து நின்றவர், "எங்க வீதியில நாலு கடுவன் சும்மாதான் சுத்துது. அனுப்பி உடட்டுமா கண்ணு?" என்றார்.

சிரிப்பு அடங்கட்டும், இரண்டாவது வரியைச் சொல்லலாம் என்று நின்றேன். அதற்குள் கம்பவுண்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். நான் "சரிங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

"என்ன சொன்னாங்க?" என்று அம்மா கேட்டாள்.

"கடுவங்கிட்ட உடச் சொன்னாங்க."

"அவங்களே சொல்லிட்டாங்கல்ல. ஒருக்கா பெத்தாத்தான் பொட்டைக்கு ஒடம்பு நல்லாருக்கும். உடு."

கதவைத் திறந்துவிட்டேன்.

ஜனவரி 23, வெள்ளி

துவைக்கிற கல்லுக்குப் பின்னால் ஐந்து கடுவன்கள். மஞ்சளாகப் பெருத்த ஒன்று, காது கிழிந்தது, யாரையும் பார்க்காமல் நேராக நடந்து வருகிறது. கலாமணி அக்கா அதற்கு 'மொதலாளி' என்று பெயர் வைத்துவிட்டாள்.

அது பிசிறின் பிடரியைப் பல்லால் கவ்வி அழுத்தியது. கொஞ்ச நேரம்தான். பிறகு பிசிறு போட்ட சத்தத்தில் நான் கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டேன். பிசிறு திரும்பி மொதலாளியை அறைந்துவிட்டுத் தரையில் உருண்டு உருண்டு நக்கிக்கொண்டது. மற்ற நான்கும் சுற்றி உட்கார்ந்து காத்திருந்தன. கால் மணி நேரத்தில் மறுபடி. வேறொன்று.

வலிக்கிறது என்றால் ஏன் திரும்பப் போய்ப் படுக்கிறது என்று அம்மாவிடம் கேட்டேன்.

"போயி வேலையப் பாரு" என்றாள்.

ஜனவரி 26, திங்கள்

மொதலாளி வீட்டுக்குள் வந்து, வெட்டி அடுக்கிய கட்டின் மேல் வாலைத் தூக்கிப் பீய்ச்சிவிட்டுப் போயிருக்கிறது. அந்த நாற்றம் துவைத்தாலும் போகவில்லை. கட்டு கம்பெனியிலிருந்து அப்படியே திரும்பி வந்தது. அம்மா திட்டியிருக்கலாம்.

மார்ச் 2, திங்கள்

பிசிறுக்கு வயிறு தெரிகிறது. அதுவே இன்னும் குட்டி. உடம்பெல்லாம் வயிறாக நடக்கிறது.

அம்மாவுக்கு இன்று இடுப்பு முடியவில்லை. சுடுதண்ணீர்ப் பை வைத்தேன். எனக்குப் பிறகு அம்மாவுக்கு நான்கு தங்கவில்லை. அதற்குப் பிறகு உதிரப்போக்கு நிற்கவே இல்லை. கடைசியில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். லீவு லெட்டரில் பத்து நாள் என்று எழுதிக் கொடுத்தேன்.

மார்ச் 27, வெள்ளி

நான்கு குட்டி. ஒன்று மஞ்சள், இரண்டு சாம்பலில் கோடு, ஒன்று கறுப்பு. "நாலு குட்டிக்கு மூணு அப்பன்" என்றாள் கலாமணி அக்கா. அப்படியும் பிறக்குமாம்.

பிசிறு மூன்றாவதற்குப் பிறகு வெகுநேரம் முக்கியது. கண் செருகியது. அம்மா தரையில் உட்கார்ந்து அதன் தலையைப் பிடித்துக்கொண்டாள். "அவ்வளவுதான் சாமி, அவ்வளவுதான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அம்மா அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

குழாய்க்குப் போய்த் திரும்புவதற்குள் நடந்துவிட்டது. கடுவன் ஒன்று ஜன்னல் வழியாக இறங்கியிருக்கிறது. மஞ்சளும் ஒரு சாம்பலும். கழுத்தில் ஒரே கடி.

குட்டிகளைக் கொன்றால் தாய் சீக்கிரம் மறுபடி கத்துமாம். அதற்காகத்தான் கொல்கிறதாம்.

நான் புதைத்தேன். பிசிறு அந்த இடத்தை மோந்து பார்த்துவிட்டு வந்து மீதி இரண்டுக்கும் பால் கொடுத்தது.

ஏப்ரல் 9, வியாழன்

இன்னொரு சாம்பல் தானாகவே செத்துவிட்டது. கறுப்பு மட்டும் இருக்கிறது.

ஏப்ரல் 22, புதன்

கத்துகிறது. கறுப்புக்குட்டி பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய்ப் புரள்கிறது. பிசிறின் முதுகெலும்பை எண்ணிவிடலாம். ஜன்னலுக்கு அட்டை வைத்து அடைத்தேன். வீட்டுக்குள் வெந்து போகிறோம்.

ஏப்ரல் 24, வெள்ளி

மறுபடி மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். வெள்ளிக்கிழமைகளில் லேடி டாக்டர் வருவார் என்று விசாரித்துக்கொண்டு போனேன். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் நீட்டினேன். அவர் படித்துவிட்டுச் சிரிக்கவில்லை.

"உம் பேரு இந்துஜாவா? கையெழுத்து நல்லாருக்கே. என்ன படிக்கற?"

"இல்லைங்க."

அவர் மேலே கேட்கவில்லை. பிசிறைத் தூக்கிப் பார்த்தார். "இதுக்கு இன்னும் ஒரு வயசுகூட ஆகல. இப்படியே உட்டா வருசத்துக்கு மூணு தடவை போடும். ஒவ்வொரு தடவையும் ஒடம்பு கரையும். ஒருக்கா பெத்தாத்தான் நல்லதுன்னு வீட்ல சொன்னாங்களா?"

தலையாட்டினேன்.

"எல்லா வீட்லயும் அதைத்தான் சொல்றாங்க. மொத தடவை கத்தறதுக்கு முன்னாடியே பண்ணிட்டா இன்னும் நல்லது. அரை மணி நேர வேலை. மயக்க ஊசி போட்டு கர்ப்பப்பையையும் சினைப்பையையும் எடுத்துருவோம். அப்பறம் கத்தாது. கடுவன் வராது. மடியில கட்டி வர்றதும் கொறையும். குட்டி பால் மறக்கட்டும். மே இருபது, வெறும் வயித்தோட கூட்டிட்டு வா. அது வரைக்கும் வெளிய உடாத."

என் தாளின் பின்பக்கமே தேதியை எழுதிக் கொடுத்தார். வழியெல்லாம் அதைக் கையிலேயே வைத்திருந்தேன்.

ஏப்ரல் 25, சனி

தாளை அம்மாவிடம் காட்டினேன்.

"வயித்தக் கிழிக்கறதா?"

"அரை மணி நேரந்தானாம்மா."

"எனக்கும் அப்படித்தான் சொன்னாங்க." அம்மா கத்தரிக்கோலை வைத்துவிட்டாள். "என்னையப் பாத்துட்டுத்தான இருக்கற? குனிய முடியுதா, நிமிர முடியுதா? ஒரு வாயில்லாத சீவனையும் என்னையாட்ட ஆக்கோணுமா?"

"அம்மா, அது வேறம்மா."

"வேற என்ன வேற? எடுத்தா எடுத்ததுதான்."

பேச்சு அதோடு நின்றது. எனக்கு எப்போதும் அதோடு நின்றுவிடுகிறது.

மே 4, திங்கள்

மாரியம்மன் நோம்பிக்குச் சாட்டியாயிற்று. திருவிழாவுக்கு இன்னும் இரண்டு வாரம். வீட்டுக்காரம்மா வந்து வாசலில் நின்றார். "ஒறம்பரை, சொந்தக்காரங்க எல்லாம் வாராங்க. பச்சைக்குழந்தையோட வாராங்க. பூனை இந்தக் கத்து கத்துச்சுன்னா சாக்குல கட்டிக் கொண்டி உடச் சொல்லிருவேன், ஆமா."

பிசிறு அவர் காலையே சுற்றிச் சுற்றி வந்து கத்தியது.

மே 8, வெள்ளி

கலாமணி அக்கா தீர்த்தக்குடம் எடுக்கிறாள். நடுவில் தூரமாகிவிட்டால் எடுக்க முடியாது. அதனால் தள்ளிப் போடுகிற மாத்திரை வாங்கி வைத்திருக்கிறாள். நோம்பிக்கும் கல்யாணத்துக்கும் லைன் வீட்டில் எல்லாரும் போடுகிறதுதான். எனக்கும் தேதி நோம்பி வாரத்தில்தான் வரும். அம்மா போன வாரமே அக்காவிடம் சொல்லி எனக்கு மூன்று நாளைக்கு வாங்கினாள். நாள் நெருங்கியதும் போட வேண்டும்.

இன்று அக்கா ஒரு முழு அட்டையை என் கையில் வைத்தாள்.

"கால் துண்டு உடைச்சு சோத்துல வெச்சு உடு. நமக்குத் தள்ளிப் போவுதுல்ல, அதுக்கும் தள்ளிப் போவும். எங்கக்கா வீட்ல வாரம் ஒண்ணு குடுத்து அஞ்சு வருசமா ஒரு பூனை வெச்சிருக்கா. கத்தறதே இல்ல."

"ஒண்ணும் ஆகாதுங்களாக்கா?"

"நாம திங்கறதுதான புள்ள. அம்மாகிட்ட சொல்லாத. பூனைக்கு மாத்திரைன்னா உங்கம்மா சாந்தாமணி உட மாட்டா."

மீன் தலையில் வைத்துக் கொடுத்தேன்.

மே 11, திங்கள்

கத்தவில்லை. பிசிறு வெயில் படும் இடத்தில் படுத்து நாள் முழுக்கத் தூங்கியது. அம்மாவும் தூங்கினாள். வீடு இத்தனை அமைதியாக இருந்து எவ்வளவு நாளாயிற்று.

மே 15, வெள்ளி

மாத்திரை கொடுத்தேன்.

மே 20, புதன்

இன்றுதான் டாக்டர் சொன்ன தேதி. மாவிளக்கும் இன்றுதான். சித்தி வீட்டார் ஆறு பேர் வந்திருக்கிறார்கள். அம்மாவால் அடுப்படியில் நிற்க முடியவில்லை. எட்டு மணிக்குக் கூடையை எடுத்தேன். அம்மா பார்த்தாள். கூடையைத் திரும்ப மாட்டினேன்.

கத்துவதுதான் நின்றுவிட்டதே. அடுத்த மாதம் போகலாம்.

மே 22, வெள்ளி

மாத்திரை கொடுத்தேன். கறுப்புக்குட்டியைக் கம்பெனி வாட்ச்மேன் வாங்கிக்கொண்டு போனார். நல்ல மனிதர்.

மே 29, வெள்ளி

மாத்திரை.

ஜூன் 5, வெள்ளி

மாத்திரை. பிசிறு சதை போட்டிருக்கிறது. முதுகெலும்பு தெரியவில்லை. கலாமணி அக்கா, "பாத்தியா, கத்தி வெக்காமயே காரியம் முடிஞ்சுது" என்றாள். சந்தோஷமாக இருந்தது. லேடி டாக்டரின் தாளைத் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

ஜூன் 12, வெள்ளி

மாத்திரை.

ஜூன் 19, வெள்ளி

மாத்திரை.

ஜூன் 23, செவ்வாய்

ஜன்னல் அட்டையை எடுத்துவிட்டுக் கதவைத் திறந்து வைத்திருக்கிறோம். பிசிறு வெளியே போய் வருகிறது. மொதலாளி துவைக்கிற கல் மேல் உட்கார்ந்து அதைப் பார்க்கிறது. பிசிறு அதைப் பார்க்கவே இல்லை.

ஜூன் 26, வெள்ளி

மாத்திரை.

ஜூலை 3, வெள்ளி

மாத்திரை. தண்ணீர் நிறையக் குடிக்கிறது. சட்டியில் வைத்தது தீர்ந்து குழாய்க்கு அடியில் போய் நக்குகிறது. வெயில் அப்படி.

ஜூலை 9, வியாழன்

வயிறு பெருத்திருக்கிறது. அம்மாதான் முதலில் பார்த்தாள். "சினையாட்ட இருக்குது" என்றாள். குரலில் ஒரு நிம்மதி இருந்தது போலத் தோன்றியது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. எப்போது போயிருக்கும்? ஒரு நாளாவது கத்தியிருக்க வேண்டாமா?

சினை என்றால் மாத்திரை கொடுக்கக் கூடாது. நிறுத்திவிட்டேன்.

ஜூலை 14, செவ்வாய்

அம்மா மத்தி மீன் வாங்கிவரச் சொன்னாள். முள் எடுத்துப் பிசைந்து அவளே வைத்தாள். பிசிறு மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டது.

"மசக்கை" என்றாள் அம்மா.

ஜூலை 20, திங்கள்

பாலும் வேண்டாம் என்கிறது. தண்ணீர் மட்டும். போன தடவை வயிற்றில் கை வைத்தால் குட்டி நகர்வது தெரியும். இப்போது கல் போல இருக்கிறது. எதுவும் நகரவில்லை. யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. நாளைக்கும் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

ஜூலை 23, வியாழன்

பிசிறு படுத்திருந்த பனியனை எடுத்தேன். பழுப்பும் சிவப்புமாக ஈரம். நாற்றம். நாளைக்கு வெள்ளி. லேடி டாக்டர் வருவார்.

அம்மாவுக்கும் காட்டினேன். அவள் முகம் வெளுத்துப் போனது. "நானும் வாரேன்" என்றாள்.

ஜூலை 24, வெள்ளி

அம்மாவால் வேகமாக நடக்க முடியாது. இரண்டு இடத்தில் உட்கார்ந்தோம். கூடை கனமே இல்லாமல் இருந்தது.

டாக்டர் வயிற்றைத் தொட்டதுமே கையை எடுத்துவிட்டார். "இது சினை இல்ல. கர்ப்பப்பை முழுக்கச் சீழ். ஏதாச்சும் மாத்திரை குடுத்தீங்களா? கத்தாம இருக்க?"

அம்மா பக்கத்தில் நின்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சொல்லும்மா. எனக்குத் தெரிஞ்சாகணும்."

"வாரம் கால் துண்டுங்க. மே மாசத்துலருந்து."

"மனுசங்க போடறதா? தள்ளிப் போடறதா?" அவர் கண்ணை மூடித் திறந்தார். "அது கர்ப்பப்பையப் புண்ணாக்கிரும். கால் துண்டே இதுக்கு ரொம்ப அதிகம். நான் ஒரு தேதி குடுத்திருந்தேனே."

அம்மாதான் பேசினாள். "எடுத்துருங்க டாக்டரம்மா. கர்ப்பப்பைய எடுத்துருங்க. உசிரு இருந்தாப் போதும்."

"எடுக்கறேங்க. ஆனா ரொம்ப லேட்டா வந்திருக்கீங்க. ரத்தத்துல கலந்திருந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

வெளியே ஒரு மாட்டு வண்டியின் நிழலில் உட்கார்ந்தோம். அம்மா தன் அடிவயிற்றில் கையை வைத்துக்கொண்டு இருந்தாள். முக்கால் மணி நேரம் இருக்கும். டாக்டரே வெளியே வந்தார். கம்பவுண்டரை அனுப்பாமல் அவரே வந்தபோதே தெரிந்துவிட்டது.

பிசிறின் வயிற்றில் சின்னதாகத் தையல் போட்டிருந்தது. என் விரல் நீளம்கூட இல்லை. அவ்வளவுதான் அந்த ஆபரேஷன்.

ஜூலை 25, சனி

காலையில் புதைத்தோம். அப்பா குழி வெட்டிக் கொடுத்துவிட்டு டையிங்குக்குப் போய்விட்டார். கலாமணி அக்கா வந்து வாசலிலேயே நின்றாள். "எங்கக்கா பூனை நல்லாத்தான் இருக்குது" என்றாள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள்.

மத்தியானம் அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. ஆஸ்பத்திரியில் கேட்டுவிட்டாள்தான். இருந்தாலும் நானாகச் சொல்லவில்லையே.

"அம்மா, உங்கிட்டச் சொல்லாமத்தான் குடுத்தேன். வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை. தப்பு எம்மேலதான்."

அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"செவ்வாக்கெழமை செவ்வாக்கெழமை நா குடுத்தேன்" என்றாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"நோம்பி முடிஞ்சு நா தனியா ஒரு அட்டை வாங்கி வரச் சொன்னேன், கலாமணிகிட்ட. அவங்கக்கா பூனைக்குக் கால் துண்டு குடுக்கறத அவதான் எப்பவோ சொல்லியிருந்தா. நீ குடுக்கறது எனக்குத் தெரியாது கண்ணு. அவளும் சொல்லல. வீட்டுக்கு இன்னொரு அட்டை வேணுமாட்ட இருக்குதுன்னு நெனச்சுட்டா. மறுபடி கத்துனா நீ அதைய ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருவீன்னு பயம். கத்தி வெச்சிருவாங்கன்னு பயம். அரைத் துண்டு. கால் துண்டு பத்தாதுன்னு அரைத் துண்டாக் குடுத்தேன். சினைன்னு நெனச்சதுக்கப்பறந்தான் நிறுத்துனேன்."

அரிசிச் சம்புடத்துக்குப் பின்னாலிருந்து அந்த அட்டையை எடுத்துக் காட்டினாள். நான்கு மாத்திரைகள் காலி. இன்னும் பத்து இருந்தன.

"உம்மேல தப்பில்ல இந்து" என்றாள் அம்மா. "நீ தூக்கிட்டுப் போவோணும்னுதான சொன்ன. நாந்தான் உடல. உம்மேல ஒரு தப்பும் இல்ல."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஒரே வரிதான். 'உம்மேலயும் இல்லம்மா.' வாய் வரைக்கும் வந்தது. அம்மா காத்திருந்தாள். அந்தச் சின்னத் தையல் கண் முன்னால் வந்தது. பள்ளிக்கூடம் போகாத இந்த இரண்டு வருடம் வந்தது. நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன்.

நாளைக்குச் சொல்லிவிட வேண்டும்.

ஜூலை 26, ஞாயிறு

சொல்லவில்லை.